பங்கு போட்டவர்தான் முதலாளி

நெய்க்காரப்பட்டி ஆலைக் கொட்டகையிலிருந்து கம்பெனிச் சட்டம் வரை: உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் யாருக்குச் சொந்தம், அதில் யார் பணம் ஓடுகிறது, யாருக்கு வரி, யார் பொறுப்பு?

பழனிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி நெய்க்காரப்பட்டி. கரும்பும் வெல்லமும் இந்த வட்டாரத்தின் பிழைப்பு. வெட்டிய கரும்பு ஆலைக் கொட்டகைக்கு வந்துவிட்டால் அப்புறம் யாரும் உட்கார முடியாது. ஒரு பக்கம் கிரஷரில் சாறு பிழிகிறார்கள். இன்னொரு பக்கம் கொப்பரையில் சாறு கொதிக்கிறது. பிழிந்த சக்கை காய்ந்து அதே அடுப்புக்கு எரிபொருளாகிறது. சுண்ணாம்புத் தெளிவு ஊற்றி, மேலே திரளும் அழுக்கை அரித்தெடுத்து, பாகு பதம் வந்த நொடியில் இறக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் நிறம் கருத்துவிடும், நிறம் கருத்தால் விலை இறங்கிவிடும். சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டினால் உருண்டை வெல்லம், அச்சில் அழுத்தினால் அச்சு வெல்லம். அப்புறம் சிப்பம் கட்டி மண்டிக்கு அனுப்புகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டும் விலை மட்டும் ஆலைக்காரர் கையில் இல்லை. கரும்பு வெட்டும் கூலிக்கு மண்டியில் முன்பணம் வாங்கியவர், சரக்கையும் அதே மண்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. தரகும் எடைக்கூலியும் போக மிஞ்சுவதுதான் வருமானம்.

சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர் நிலைமை வேறு மாதிரி. அவருக்கு மத்திய அரசு விலை அறிவிக்கிறது. 2024-25 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய், 2025-26 பருவத்துக்கு 355 ரூபாய். 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு இறக்கிய 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு தவறித் தவறித்தான் நிலுவைக்காகச் சாலை மறியல்கள் நடக்கின்றன. நிலுவை வைக்கும் ஆலை எதுவானாலும், அது தன் கரும்பு விவசாயிகளிடமே கடன் வாங்கித் தொழில் நடத்துகிறது என்றுதான் பொருள். பத்திரமும் அடமானமும் இல்லாத கடன் அது.

மண்டிக்குப் போனாலும் ஆலைக்குப் போனாலும் விளைவித்தவருக்கு அந்தத் தொழிலில் முதலாளி என்ற இடம் கிடைப்பதில்லை. அந்த இடத்தைக் கொடுக்கவே சட்டம் ஒரு வகைக் கம்பெனியை உருவாக்கியது. அதன் பெயர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். திண்டுக்கல் மாவட்டத்திலும் இப்படிப்பட்ட நிறுவனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆயிரம் ரூபாய் கட்டி ரசீது வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த ரசீது தங்களை ஒரு கம்பெனியின் உரிமையாளர் ஆக்கியிருக்கிறது என்பதை அவர்களில் பலருக்கும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அரசுத் திட்டம் ஒன்றில் பெயர் கொடுத்ததாகவே நினைத்திருக்கிறார்கள். இந்த நிறுவனங்கள் தடுமாறுவதற்கு மூல காரணம் இதுதான்.

யாருக்குச் சொந்தம்?

கம்பெனி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் கம்பெனியை எதிர்த்த விருப்பாச்சி கோபால் நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். லண்டனில் அந்தக் கம்பெனியை ஆண்டவர்கள் அதன் பங்குதாரர்கள். 1773ஆம் ஆண்டுச் சட்டப்படி 1,000 பவுனுக்குப் பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு வாக்கு. 3,000 பவுனுக்கு இரண்டு, 6,000 பவுனுக்கு மூன்று, 10,000 பவுனுக்கு நான்கு. வரி கட்டிய திண்டுக்கல் குடியானவருக்கு அதில் இடமே கிடையாது. பணத்தின் அளவுக்குத்தான் வாக்கு என்ற இந்த வழக்கம் சாதாரணக் கம்பெனிகளில் இன்றும் தொடர்கிறது. 51 சதவீதப் பங்கு யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் பெரும்பாலான முடிவுகளில் நிற்கும்.

ஆனாலும் கம்பெனி என்ற அமைப்பில் எளிய மனிதருக்கு உதவும் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 1906 அக்டோபரில் சென்னை மாகாணத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் அதைக் காட்டுகின்றன.

முதலாவது, சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. பெயரில்தான் அது கம்பெனி. உண்மையில் சில கூட்டாளிகள் சேர்ந்து நடத்திய கூட்டு வணிகம். ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு அதோடு மூழ்கியது. கூட்டாளிகள் தங்கள் சொந்தச் சொத்தையும் இழக்க நேர்ந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. இந்த முறை பங்குகள் விற்று, சட்டப்படி பதிவு செய்த கம்பெனியாக அதை ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது, அதே மாதம் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோடு மோதியது, அரசின் கோபத்துக்கு ஆளானது, 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. தேசத்துக்கு அது பெரிய இழப்பு. ஆனால் ஒரு பங்கு வாங்கிய சிறு வியாபாரிக்குப் போனது அந்த 25 ரூபாய் மட்டும்தான். கம்பெனியின் கடனுக்காக அவர் வீட்டுக்கு ஜப்தி வரவில்லை.

வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்று சட்டம் சொல்வது இதைத்தான். சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு தனி ஆள். அது சொத்து வாங்கலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம். அதன் கடன் அதனுடையதே. ஆர்பத்நாட் கூட்டாளிகளுக்கு இல்லாத இந்தப் பாதுகாப்பு சுதேசிக் கம்பெனியில் 25 ரூபாய் போட்டவருக்கு இருந்தது.

இந்தப் பாதுகாப்பும் வேண்டும், பணக்காரர் கையில் சிக்கவும் கூடாது என்று நினைத்தவர்கள் கூட்டுறவைப் பிடித்தார்கள். அதில் ஆளுக்கு ஒரு வாக்கு. பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மடத்துக்குளம் அருகே கிருஷ்ணாபுரத்தில் இருக்கும் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. பழனி வட்டாரக் கரும்பும் அங்கே அரவைக்குப் போனது. ஆலையின் உறுப்பினர்கள் விவசாயிகள். ஆனால் கூட்டுறவுச் சட்டப்படி மேற்பார்வை பதிவாளரிடம், பெரும் பணம் அரசிடம், அன்றாட நிர்வாகம் அரசு அதிகாரியிடம். தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு இல்லாத காலங்களில் முழுப் பொறுப்பும் அரசு நியமிக்கும் அலுவலரிடம் போய்விடும். இயந்திரம் பழசானால் புதுப்பிக்கச் சென்னையிலிருந்து நிதி வர வேண்டும். அது வரும்வரை உறுப்பினர் மனுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கூட்டுறவின் வாக்குரிமையையும் கம்பெனியின் சுதந்திரத்தையும் ஒன்றாகச் சேர்க்க ஒய்.கே.அலக் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. அதன்படி 2002இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு 2003 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த விதிகள் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் தனி அத்தியாயமாகவே சேர்ந்தன.

விதிகள் எளிமையானவை. விளைவிப்பவர்கள் 10 பேர் சேர்ந்தால் கம்பெனி தொடங்கலாம். உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. தனிநபர்கள் மட்டும் உறுப்பினராக உள்ள நிறுவனத்தில், பங்கு ஒன்று வைத்திருந்தாலும் நூறு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். பங்கை வெளியாருக்கு விற்க முடியாது. இயக்குநர் குழுவின் சம்மதத்தோடு இன்னொரு உறுப்பினருக்கு முகமதிப்பு விலையில் மாற்றலாம். சேர்ந்த மூன்று மாதத்துக்குள் வாரிசு யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு ஏக்கர்க்காரரும் நாற்பது ஏக்கர்க்காரரும் சமமாகக் கைதூக்கும் இடம் இது.

யார் பணம்?

அடுத்த கேள்வி பணம். பெரும்பாலான நிறுவனங்கள் மூச்சுத் திணறுவது இங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் விவசாயிகள் தலைக்கு 1,000 ரூபாய் கட்டினால் பங்கு மூலதனம் 10 லட்சம். 2020இல் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாகத் தலைக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நம் கணக்கில் இன்னொரு 10 லட்சம் வருகிறது. மொத்தம் 20 லட்சம். கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் வெல்லம் கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 டன் லாரி லோடு ஒன்றுக்கே 5 லட்சம் ரூபாய் வேண்டும். உறுப்பினர்களிடம் நான்கு லோடு வாங்கிக் கேரளத்துக்கோ சென்னைக்கோ அனுப்பினால் கையிருப்பு முழுவதும் தீர்ந்துவிடும். வாங்கியவர் ஒரு மாதம் கழித்துத்தான் பணம் தருவார். அதுவரை ஐந்தாவது லோடோடு வரும் உறுப்பினருக்குக் கொடுக்கக் கம்பெனியிடம் காசு இருக்காது. அவர் மண்டிக்குத் திரும்புவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நடைமுறை மூலதனம் இல்லாமல் கம்பெனி நடக்காது. அதற்கு வங்கிக் கடன் வேண்டும். வங்கியோ மூன்று ஆண்டு லாபக் கணக்கும் அடமானமும் கேட்கிறது, இல்லாவிட்டால் இயக்குநர்களின் சொந்த ஜாமீன் கேட்கிறது. இயக்குநர் தன் நிலப் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே, சட்டம் கொடுத்த வரையறுக்கப்பட்ட பொறுப்பு அவரைப் பொறுத்தவரை போய்விடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் அதே மத்தியத் திட்டத்தில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு உத்தரவாத நிதி வைத்திருக்கிறார்கள். ஜாமீன் கேட்கும் வங்கியிடம் இயக்குநர்கள் முதலில் பேச வேண்டியது இந்த உத்தரவாதத்தைப் பற்றித்தான்.

வெளியிலிருந்து முதலீடு வாங்கினால் என்ன? சாதாரணக் கம்பெனிக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. இதே மாவட்டத்தில், 1957இல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த பிரியாணிக் கடை திண்டுக்கல் தலப்பாக்கட்டி என்ற பெரிய உணவகத் தொடராக வளர்ந்தது. பிற்காலத்தில் சி.எக்ஸ். பார்ட்னர்ஸ் என்ற தனியார் முதலீட்டு நிதி அதில் பணம் போட்டது. பணம் போட்டவருக்குப் பங்கும், பங்குக்கேற்ற வாக்கும் கிடைக்கும். உற்பத்தியாளர் நிறுவனத்தில் அப்படி வெளியாரைப் பங்குதாரர் ஆக்கச் சட்டம் இடம் தரவில்லை. விவசாயியைக் காக்கும் அந்த வேலிதான் பெரிய பணத்தையும் வெளியே நிறுத்துகிறது.

நாசிக்கின் சஹ்யாத்ரி விவசாயிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். திராட்சை, தக்காளி விவசாயிகள் சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவனம் மேலே அப்படியே இருந்தது. பதப்படுத்தும் தொழிலைத் துணை நிறுவனம் ஒன்றுக்கு மாற்றினார்கள். 2022இல் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனங்கள் அந்தத் துணை நிறுவனத்தில் 310 கோடி ரூபாய் முதலீடு செய்தன. தாய்க் கம்பெனியில் வாக்கு விவசாயிகளிடமே இருக்கிறது. எல்லா ஊருக்கும் இது இப்போதே பொருந்தாது. ஆனால் ஒழுங்கான கணக்கும் நம்பகமான சரக்கும் இருந்தால் மானியத்தைத் தாண்டியும் பணம் வரும் என்பதற்குச் சஹ்யாத்ரி சாட்சி.

யாருக்கு வரி?

விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விலக்கு தானாகவே கம்பெனிக்கும் வந்துவிடாது. விவசாயியிடம் கரும்போ வெல்லமோ வாங்கி விற்பது வியாபாரம். வியாபார லாபத்துக்குக் கம்பெனி தன் பெயரில், தன் பான் எண்ணில் வரி கட்ட வேண்டும்.

2018ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 80பிஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய்க்குக் குறைவான உற்பத்தியாளர் நிறுவனங்கள், உறுப்பினர்களின் விளைபொருளை விற்றும் பதப்படுத்தியும், அவர்களுக்கு விதையும் கருவியும் வாங்கிக் கொடுத்தும் ஈட்டும் லாபம் முழுவதையும் கழித்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் அது 2018-19 முதல் 2023-24 வரையிலான நிதியாண்டுகளுக்கு மட்டும் என்று தேதி போட்டே கொடுத்த சலுகை. கூட்டுறவுச் சங்கங்களுக்கான 80பி பிரிவில் அப்படி முடிவுத் தேதி எதுவும் இல்லை. ஒரே கரும்பை விற்கும் இரண்டு விவசாய அமைப்புகளில் ஒன்றுக்கு மட்டும் கெடு வைப்பது நியாயமில்லை. விவசாயச் சங்கங்கள் டெல்லியில் உரக்கக் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

சலுகையைத் தாண்டிப் புரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆண்டு முடிவில் கம்பெனியிடம் 10 லட்சம் ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை லாபமாகக் காட்டினால், சலுகை இல்லாத ஆண்டில் ஏறத்தாழ கால் பங்கு வரியாகப் போகும். மிச்சத்தை ஈவுத்தொகையாகப் பிரித்தால், 2020 முதல் அதை வாங்குகிறவரின் வருமானத்தில் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதே 10 லட்சத்தை ஆண்டு ஓடும்போதே உறுப்பினர்களின் கரும்புக்குக் கூடுதல் விலையாகக் கொடுத்திருந்தால், கம்பெனிக்கு அது செலவு. கரும்பு விளைவித்தவருக்கு அது விவசாய வருமானம்.

அதனால் இந்த வகை நிறுவனத்தில் லாபம் பெரிதாகத் தெரிவதை மட்டும் வைத்து அதைக் கெட்டிக்காரக் கம்பெனி என்று சொல்லிவிட முடியாது. உறுப்பினருக்குக் கிடைத்த விலையைப் பக்கத்து மண்டி விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முழுவதையும் விலையாகவே கொடுத்துவிடவும் கூடாது. லாபமே காட்டாத கம்பெனிக்கு வங்கி கடன் தராது, கையிருப்பு நிதியும் சேராது. எவ்வளவு விலைக்கு, எவ்வளவு சேமிப்புக்கு என்பதை உறுப்பினர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்துப் பின்னால் கொடுக்கலாம். ஆண்டு முடிவில், யார் எவ்வளவு சரக்குக் கொடுத்தார்களோ அந்த அளவுக்கு ஊக்கத்தொகையும் பிரிக்கலாம்.

ஜி.எஸ்.டி.யையும் மறக்கக் கூடாது. உதிரியாக விற்கும் வெல்லத்துக்கு வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய வெல்லத்துக்கு 5 சதவீத வரி வந்தது. நெய்க்காரப்பட்டி வெல்லம் என்று பெயர் அச்சடித்து ஒரு கிலோ பாக்கெட் போட நினைக்கும் நிறுவனம் இதையும் விலையில் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

யார் பொறுப்பு?

சட்டம் போட்டிருக்கும் நிர்வாக அமைப்பு நல்ல அமைப்பு. இயக்குநர்கள் குறைந்தது 5 பேர், அதிகம் 15 பேர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். முழுநேரத் தலைமைச் செயல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. கணக்கை ஆடிட்டர் தணிக்கை செய்ய வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், 14 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அந்தக் கூட்டம் செல்ல மொத்த உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் வந்தாக வேண்டும். ஆயிரம் பேர் கம்பெனியில் 250 பேர்.

இந்த 250 என்ற எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. கரும்பு வெட்டு நடக்கும் நாளில் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். பின்னால் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக் குறிப்பேட்டை நிரப்பினால் காகிதத்தில் கூட்டம் நடந்துவிடும், கேள்வி கேட்க ஆள் இருக்காது. அப்படி நடக்கும் இடத்தில் ஐந்தாறு பேர் கையில் கம்பெனி போய்விடும். தலைவரின் உறவினர் கடையிலேயே உரம் வாங்குவார்கள். பெண்கள் பெயரில் பங்கு இருக்கும், பேசுவது வீட்டு ஆண்களாக இருக்கும். ஆளுக்கு ஒரு வாக்கு என்ற சட்டம் வாக்களிக்க வராதவரைக் காப்பாற்றாது.

கணக்குத் தாக்கல் செய்யத் தவறினால் அடி உடனே விழும். கம்பெனிப் பதிவாளரிடம் ஆண்டறிக்கையும் நிதிநிலை அறிக்கையும் கொடுக்கப் பிந்தினால், 2018 ஜூலை முதல் ஒரு படிவத்துக்கு நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவம் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். 73 உறுப்பினர்கள் கட்டிய பங்குத்தொகை அது. தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார்கள். 2017இல் நாடு முழுவதும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் இப்படித் தகுதி இழந்தார்கள். ஊர்ப் பெரியவர் என்பதற்காக இயக்குநர் ஆக்கப்பட்டவருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முறையாக நடத்தினால் என்ன நடக்கும் என்பதற்குத் திருப்பதியின் ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனம் சான்று. 2014இல் பதிவானது. உறுப்பினர்கள் அத்தனை பேரும் பெண்கள், ஒரு லட்சத்துக்கும் மேல். ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் பெண்கள்தான் அந்தக் கம்பெனியின் முதலாளிகள்.

பொதுக்குழுவில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. போன ஆண்டு உறுப்பினர்களிடம் எவ்வளவு சரக்கு வாங்கினோம், வெளியாரிடம் எவ்வளவு வாங்கினோம்? நமக்குக் கொடுத்த விலை மண்டி விலையை விட எவ்வளவு கூடுதல்?

2. நாம் கட்டிய பங்குத்தொகையும் வந்த மானியமும் இப்போது எங்கே இருக்கின்றன? வங்கியிலா, சரக்கிலா, வர வேண்டிய பாக்கியிலா?

3. பாக்கி வைத்திருப்பவர்கள் யார், எத்தனை மாதமாக?

4. இயக்குநர்களுக்கோ அவர்களின் உறவினர்களுக்கோ சொந்தமான கடைகளோடு என்ன கொடுக்கல் வாங்கல் நடந்தது?

5. பதிவாளரிடமும் வருமான வரித் துறையிடமும் தாக்கல் முடிந்ததா? அபராதம் ஏதாவது கட்டினோமா?

இந்தக் கேள்விகளுக்கு வணிகப் படிப்பு தேவையில்லை. கொப்பரைப் பாகின் பதத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லத் தெரிந்தவருக்கு நிதிநிலை அறிக்கையின் ஐந்து வரி எட்டாத விஷயமல்ல. ஆடிட்டர் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்பது உறுப்பினரின் உரிமை.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் பத்தாயிரமாவது அமைப்பு தொடங்கப்பட்டுப் பதிவு இலக்கு முடிந்துவிட்டது. நிர்வாகச் செலவுக்கு நிறுவனத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை மூன்றாண்டுக்குத்தான் தருகிறார்கள். நான்காம் ஆண்டில் தலைமைச் செயல் அலுவலர் சம்பளத்தைக் கம்பெனியே சம்பாதிக்க வேண்டும். இனிமேல் எத்தனை நிறுவனம் பதிவானது என்று எண்ணுவதை விட்டு, எத்தனை நிறுவனம் தொடர்ந்து உறுப்பினருக்கு மண்டியை விட நல்ல விலை கொடுக்கிறது என்று எண்ண வேண்டும். வரிச் சலுகையை நிரந்தரமாக்க வேண்டும். உத்தரவாத நிதி உள்ள கடனுக்கு இயக்குநரின் நிலப் பத்திரத்தை வங்கிகள் கேட்கக் கூடாது.

மீதி உறுப்பினரின் கையில் இருக்கிறது. நெய்க்காரப்பட்டி விவசாயி ஆயிரம் ரூபாயோடு இன்னொன்றையும் முதலீடு செய்ய வேண்டும்: ஆண்டுக்கு ஒரு பகல். வேலையை ஒரு நாள் ஒத்திவைத்து, வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு பொதுக்குழுவுக்குப் போய் உட்கார வேண்டும். 250 பேர் வந்து கணக்குக் கேட்கும் கம்பெனியில் திருடுவது கடினம், அப்படிப்பட்ட கம்பெனிக்குக் கடன் மறுப்பதும் கடினம். மானியம் மூன்று ஆண்டில் முடிந்துவிடும். உறுப்பினர் கேட்கும் கணக்குத்தான் நான்காம் ஆண்டிலும் கம்பெனியை நடத்தும்.